பெருக்காத வீடும் வேலூர்ப் பயணமும்

யுத்தகாலத்துத் தை மாதம் ஒன்றில் நானும் என் மனைவி ரத்தினமும் சேலத்திலிருந்து பரமத்தி வேலூருக்குப் போனோம். காவிரி பார்க்க அல்ல, புகார் சொல்ல. நாங்கள் குடியிருந்த காம்பவுண்டின் சொந்தக்காரர் வேலூரில் இருந்தார். காம்பவுண்டு வீடுகளைப் பெருக்கும் காளியம்மாளை வேலையிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும் என்று ரத்தினம் ஒற்றைக்காலில் நின்றாள்.

வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் அன்று காளியம்மாள் விளக்குமாற்றைத் தொடமாட்டாள். "அப்பறம் பெருக்கறனுங்க சாமி" என்பாள். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டாள். ரத்தினமோ பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். இது சுத்தச் சோம்பல் என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கு விளக்குமாறு எந்த மூலையில் இருக்கும் என்றே தெரியாது. என்னிடம் நியாயம் கேட்டு என்ன பயன்? அன்று காலையிலும் காளியம்மாளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

நாமக்கல் வரை முப்பத்திரண்டு மைல். பெட்ரோல் தட்டுப்பாட்டில் எல்லாம் கரி பஸ். மேடு வந்தால் மூச்சு வாங்கும். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். பனியில் சோளக்காடுகள் எது தரை எது வானம் என்று தெரியாமல் கிடந்தன. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம். நாமக்கல் மலைக்கோட்டை மட்டும் தரை தொடாமல் மிதந்து வந்தது.

நாமக்கல்லில் டிரைவர் பஸ்ஸின் பின்னாலிருந்த கரியடுப்பைக் கிளறியபடி, "ஏனுங்கம்மா, மொகம் வாடியிருக்குது?" என்றார். ரத்தினம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

"ஆளு கெளம்புன கையோட ஊட்டைப் பெருக்கறது பொணம் எடுத்த ஊட்டுலதானுங்க. போன ஆளு ஊர்ல எறங்கற வரைக்கும் நாங்க வெளக்கமாத்தை எடுக்கமாட்டமுங்க."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கெளம்பற ஆளு முன்னால அந்த வார்த்தைய எப்பிடிங்க எடுக்கறது?"

அங்கிருந்து வேலூர் பன்னிரண்டு மைல். இருபுறமும் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, ஈரக் காற்று.

வீட்டுக்காரர் மோர் கொடுத்து உபசரித்தார். "அந்தப் பொம்பளை சரியில்லைன்னு சொல்லி உட்டீங்களாமா? நாளைக்கே வேற ஆளைப் போட்டுரலாமுங்க."

ரத்தினம் சட்டென்று, "வேண்டாங்க. அவங்களே இருக்கட்டும். வீடு வசதியா இருக்குன்னு சொல்லத்தான் வந்தோம்" என்றாள். கரி பஸ்ஸில் இவ்வளவு தூரம் வந்து இதைச் சொல்கிறவர்களை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வேலூர் போகிறவர்கள் வெயிலுக்கு முன்பே ஆற்றில் இறங்கிவிடுங்கள், மணல் கொதிக்கும். திரும்பி வரக் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். சேலத்தில் குடிவருகிறவர்கள், ஊருக்குக் கிளம்பும்போது வீட்டைப் பெருக்கச் சொல்லாதீர்கள்.

அன்று காவிரித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு ரத்தினம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பினாங்கில் அவள் கப்பல் ஏறியபோது வழியனுப்ப ஒருவரும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"இன்னிக்கு நானும்தானே கிளம்பி வந்திருக்கேன்? எனக்காகவும் பெருக்காம வச்சிருப்பாங்க, இல்லே?" என்றாள்.