நான்கடித் தொட்டியும் பழைய டிவி அலமாரியும்

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம், மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்தது இது.

என் ஆறு வயது மகளுக்காக நான்கு ஆக்சலாட்டல் வளர்க்கிறோம். தலையின் இருபுறமும் இறகு போலச் செவுள் விரிந்து, எப்போதும் சிரிப்பது போன்ற முகம் கொண்ட நீர்ப்பிராணி. முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டடித் தொட்டியில் நெருக்கியடித்துக் கிடந்ததில் ஒன்று இன்னொன்றின் காலைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது.

"உயரம் வேணாம்லா, இதுங்க அடியிலதான் நடக்கும். நீளம், அகலம் பாருங்க. நாலு வளர்க்கறீங்கன்னா நாலடித் தொட்டியா எடுங்க" என்றார் மீன் கடைக்காரர்.

டேப் பிடித்து அளந்து வாங்கினேன். வைத்த இடம், மரத்தூளை அழுத்திச் செய்த பழைய டிவி அலமாரி. சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவர், தான் வந்து பார்க்கும்வரை தண்ணீர் விட வேண்டாம் என்று போனில் சொன்னார். கால் போன பிராணியைப் பார்த்து மகள் அழுகிறாள், எனக்குப் பொறுமை ஏது? விடுமுறை நாளன்று காலையிலேயே குழாயைப் போட்டு நிரப்பி, நான்கையும் அதில் விட்டுவிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் செடெனாக் பக்கம் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். எந்த அடுக்கில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்ற பலகையைக் காட்டி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களை விரட்டுவதுதான் என் பிழைப்பு. இருநூறு லிட்டர் தண்ணீர் என்றால் இருநூறு கிலோ. வீட்டில் அது எடையாகவே தோன்றவில்லை, வெறும் தண்ணீராகத்தான் தோன்றியது.

மதியம் சமையலறையில் இருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். மறுபடியும் 'டிக்'. எட்டிப் பார்த்தேன். அலமாரியின் மேல்பலகை நடுவில் தொய்ந்திருந்தது. கிடங்கில் ஓர் அடுக்கு அப்படி வளைந்தால் அந்த வரிசையையே காலி செய்வோம். இங்கே அதற்கு நேர் அடியில், பொம்மைகள் வைக்கும் கீழ்த்தட்டுக்குள் தலையையும் தோளையும் நுழைத்துக் குப்புறப் படுத்திருந்தாள் என் மகள்.

கத்த வாயெடுத்தேன். கத்தினால் பயந்து தலையைத் தூக்குவாள், பலகையில் இடிப்பாள். சுமைக்கு அடியில் இருப்பவரைக் கத்திக் கூப்பிடாதே என்று நூறு முறை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"கண்ணு, ஐஸ்கிரீம் வாங்கப் போலாமா? தலையைத் தூக்காம அப்படியே பின்னால வா."

"பச்சைப் பென்சில் உள்ள உருண்டு போச்சும்மா. எடுத்துட்டு வரேன், இருங்க."

இருப்பதா! தரை அதிராமல் வெறுங்காலோடு நடந்தேன். எட்டடி தூரம்தான், ஆனால் முடியவே முடியாது போலிருந்தது. அவளுடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு வாசலை எட்டும்போது பின்னால் பலகை முறிந்தது. தொட்டி உடைந்து தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு வெளியே ஓடியது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா, "அலமாக், ஐயோ! புள்ளைக்கு ஒன்னும் ஆகலையே?" என்று கேட்டார். மகளின் தலையையும் முதுகையும் தடவிப் பார்த்துக்கொண்டே, "ஒன்னும் ஆகலக்கா" என்றேன். மகளோ தன் நான்கு குட்டிகளைக் கேட்டு அலறினாள். அந்த அக்காதான் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து நடந்து, நான்கையும் வாளியில் எடுத்துப் போட்டார். பிழைத்துக்கொண்டன.

இப்போதும் அதே அளவுத் தொட்டிதான், அடியில் இரும்புச் சட்டம். கணவர் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்த பிறகுதான் தண்ணீர் விட அனுமதித்தார்.

நான்கு பிராணிகள் நடக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று அங்குலம் அங்குலமாக அளந்த நான், என் பிள்ளை எங்கே தலையை நுழைத்து விளையாடுவாள் என்று யோசிக்கவில்லை. கிடங்கில் எடைப் பலகையைக் காட்டி யாரையாவது அதட்டும்போதெல்லாம், அந்தச் சின்னக் கணுக்கால்கள் இன்னும் என் கைக்குள் இருக்கின்றன.