எஸனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கொழும்பு பஸ்ஸிலிருந்து கோப்பாய்ச் சந்தியில் இறங்கிய தங்கை சுகந்தி, கைப்பையைக்கூட என்னிடம் தரவில்லை.

"அண்ணை, உங்கடை சுரங்கம் இடிஞ்சு என்ரை தலையிலைதான் விழுந்தது."

காலை 5.50. டயரியில் இருக்கிறது.

விஷயம் இதுதான். சுகந்திக்கு நாற்பத்தொரு வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில், எஸன் என்ற நகரத்தில், ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. தாலி கட்டிய பதினெட்டாம் நாள் அவர் திரும்பிப் போய்விட்டார். இவள் போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்கு ஜெர்மன் மொழிச் சோதனையில் நூற்றுக்கு அறுபது வேண்டும். முதல் தடவை ஐம்பத்தாறு. அதற்குள் ஊர் கேட்கத் தொடங்கிவிட்டது — "இன்னும் கூப்பிடேல்லையோ?"

சும்மா இருக்க முடியுமா? நான் ஒரு கொப்பி போட்டேன். போகப்போகிற ஊரைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் சோதிப்பவர்களிடம் ஒரு மதிப்பு வரும் என்று நினைத்தேன். நம்மில் யாருக்கு அந்த ஊர்களைத் தெரியும்? பனி, சம்பளம், எத்தனை தமிழ்க் கடை... அதோடு சரி.

பதினான்கு பக்கம் வந்தது. பல நூற்றாண்டுகள் எஸனை ஆண்டவர்கள் ஒரு கன்னியர் மடத்தின் தலைவிகள். பிறகு நிலத்துக்கடியில் கரி. கரியால் உருக்கு, உருக்கால் பீரங்கி. பீரங்கி செய்த ஊர் என்பதால் போரில் குண்டுமாரி. திரும்பக் கட்டி, திரும்பத் தோண்டி... வெளிநாட்டுக் கரி மலிவாக வரவே சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். பெரிய சுரங்கமொன்று இன்று மியூசியம். கரி சுட்ட உலைகளுக்குப் பக்கத்தில் குளிர்காலத்தில் சறுக்கி விளையாடுகிறார்கள்.

எங்கள் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் மூடியதுதான். மூடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் ஏழை நாடு, டிக்கட் எடுத்துப் பார்த்தால் பணக்கார நாடு — வித்தியாசம் அவ்வளவுதானோ?

கொப்பியை ஜெர்மனில் மாற்றி எழுதியது சுகந்தி. ஒவ்வொரு வசனத்தையும் பன்னிரண்டு தடவை எழுதச் சொன்னது நான்.

"உதெல்லாம் ஆர் கேக்கப்போகினம் அண்ணை? நான் என்ன மேயர் வேலைக்கோ போறன்?"

"கேட்டால்?"

பேச்சுப் பகுதியில் மேசைமேல் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்களாம். எடுத்த அட்டையில் உள்ள சொற்களை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். இரண்டாந்தரம் கொழும்புக்குப் போனபோது சுகந்தி எடுத்த அட்டையில் மேலே, எஸன். கீழே, ஞாயிற்றுக்கிழமை.

ஜெர்மன் மொழியில் சாப்பாட்டுக்கும் பெயர் எஸன்தான். ஓர் எழுத்துக்கூட மாறாது. 'ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவீர்கள்?' — கேட்கவேண்டியது இவ்வளவுதான். பதினான்கு பக்கத்தில் நான் எழுதாமல் விட்டதும் இதைத்தான்.

என் தங்கை ஒரு பிழையும் இல்லாமல் கேட்டிருக்கிறாள்: "எஸனில் ஞாயிற்றுக்கிழமையும் சுரங்கம் திறந்திருக்குமா?"

பக்கத்தில் பருத்தித்துறையிலிருந்து வந்த புதுப்பெண் ஒருத்தி. அவளும் ஒரேயொரு விடையைத்தான் பாடமாக்கி வந்திருந்தாள். சொன்னாள்: "ஓம். கோழிக்கறியோடு."

"சோதிச்ச மனிசி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா அண்ணை. போட்டா. திருப்பியும் கழட்டித் துடைச்சா."

"பிறகு?"

"பிறகென்ன, அடுத்த அட்டை. மூண்டாந்தரம் என்னாலை ஏலாது அண்ணை. அந்த மனிசனும் எவ்வளவு நாளைக்குத் தனியச் சாப்பிடுறது?"

வீட்டுக்கு வந்ததும் கொப்பியை அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

பதினைந்தாம் நாள் முடிவு வந்தது. அறுபத்தொன்று. கடைசிப் புள்ளி சுரங்கத்துக்கா, கோழிக்கா — இன்றுவரை தெரியாது.

சுகந்தி போய்ச் சேர்ந்து மூன்று கிழமை. போன ஞாயிறு மாலை 6.10-க்கு வாட்ஸ்அப்பில் முகம் காட்டினாள். பின்னால் உயரமாக, பழைய சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். பக்கத்தில் மாப்பிள்ளை இரண்டு டிக்கட்டுகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமையும் திறந்துதான் இருக்கு. கோழிக்கறிதான் இல்லை."