சூப் ஆறுவதற்குள்

நட்சத்திரப் பிறந்தநாளும் ஆங்கிலத் தேதிப் பிறந்தநாளும் ஒரே நாளில் வருவது ஏறக்குறையப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் மறுபடி ஒத்துப்போக அவ்வளவு காலம் பிடிக்கிறது. இதைப் படித்ததோடு நிற்காமல், பஞ்சாங்கத்தையும் சுவர்க் காலண்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தவள் நான். எனக்கு முதல் முறை அப்படி வந்தபோது வயது பத்தொன்பது. கல்லூரியில் அன்று தேர்வு. விடுதி வாசலில் நின்றபடியே டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை விழுங்கிவிட்டு ஓடினேன். இரண்டாவது முறை போன ஆவணியில், முப்பத்தெட்டில். அடுத்தது ஐம்பத்தேழில்தான்.

ஆகவே போன ஆவணியை விட்டுக்கொடுப்பதாக இல்லை. நான் ஆசைப்பட்டது ஒரு சாப்பாட்டுக்கு. நல்ல ஓட்டலில், வெள்ளைத் துணி விரித்த மேஜையில், கணவரும் இரண்டு குழந்தைகளும் உடன் இருக்க, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல், சூப்பில் ஆரம்பித்து இனிப்பு வரைக்கும் எல்லாவற்றையும் அதனதன் சூட்டோடு சாப்பிட வேண்டும். பெரியவளுக்கு இரண்டரை வயது, சின்னவனுக்குப் பத்து மாதம். பெரியவள் பிறந்த நாளிலிருந்து ஒரு தோசையைக்கூட நான் சூடாக முழுதாகச் சாப்பிட்டதில்லை. குழந்தைகளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போவதென்றால் அது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். அதில் என்ன வெற்றி?

விடுமுறைக்குப் புனேயிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு, என் அக்கா வீட்டுக்கு வந்திருந்தோம். அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆனால் வெளியில் சாப்பிட்டவர்களின் கதையைக் கேட்பதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

வந்த வாரத்திலேயே ஒத்திகையாக ஒரு நாள் மதியம் திருச்சிக்குள் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் பன்னீர் தெளித்தது போல வாசனை. கூரையிலிருந்து பிரம்மாண்டமான சரவிளக்கு தொங்கியது. பெரியவள் சமர்த்தாக நாற்காலியில் உட்கார்ந்தாள். நாப்கினை மடியில் போட்டுக்கொண்டாள். சாப்பாடு வந்தது. உடனே இரண்டு கைகளாலும் கண்களை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"என்னடா கண்ணா? இங்க பாரு, அம்மா உனக்கு நூடுல்ஸ் வெச்சிருக்கேன்."

கையை எடுக்கவில்லை. உதடுகளும் பூட்டிக்கொண்டன. ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனால் தலையை ஆட்டினாள். என் கணவர் மெதுவாக ஒரு கையை விலக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், வீறிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சின்னவனுக்கு இந்தச் சத்தம் உற்சாகமாக இருந்திருக்க வேண்டும். மேஜைத் துணியின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. தண்ணீர் டம்ளர் என் சூப்புக்குள் சாய்ந்தது.

சீருடை அணிந்த பணியாளர் ஓடி வந்தார். "பரவால்லைங்க மேடம். துணிய எடுத்துடட்டுங்களா?"

"வேண்டாம், துணி இருக்கட்டும்" என்றேன். துணி இல்லாவிட்டால் அப்புறம் நான் எதற்கு அங்கே போனேன்?

பிறகு வழக்கம்போல முறை வைத்துச் சாப்பிட்டோம். ஒருவர் வராந்தாவில் குழந்தைகளோடு நடக்க, இன்னொருவர் அவசரமாக விழுங்கினார். மீதி எல்லாம் அட்டைப் பெட்டிகளில் ஏறியது. அம்மா மண்டபத்துப் பக்கம் வருவதற்குள் காரிலேயே பெரியவள் அந்த நூடுல்ஸைக் கேட்டு அழுதாள்.

வாசல் கதவைத் திறந்த அத்திம்பேரின் பார்வை நேராகப் பைக்குப் போனது.

"வாங்கோ வாங்கோ. ஓட்டல் ஆத்துக்கே வந்துடுத்து போலருக்கே?"

"பார்சல்தான் அத்திம்பேர்."

"அதான் பார்க்கறேனே. ஏம்மா, குழந்தைகள வெச்சுண்டு கண்ணாடி டம்ளர் இருக்கற எடத்துக்கு யாராவது போவாளா? அஞ்சு வருஷம் போகட்டும். ஓட்டல் எங்கயும் ஓடிப் போயிடாது."

"ஓட்டல் ஓடாது. தேதி ஓடிடும்" என்றேன். பத்தொன்பது வருஷக் கணக்கைச் சொன்னேன். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு நிமிஷம் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். கணக்கை ஒப்புக்கொண்டார். யோசனையை ஒப்புக்கொள்ளவில்லை.

"அவ பொறந்த நாள். அவ இஷ்டம். நீங்க சித்த சும்மா இருங்கோ" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

அன்றிரவு நானும் என் கணவரும் நடந்ததை ஆராய்ந்தோம். குழந்தைகளுக்குச் சாப்பாடு ஊட்டுவது பற்றியே ஒரு அலமாரிப் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். அவற்றில் கண் பொத்துவதைப் பற்றி ஒரு வரி இல்லை. சரவிளக்குதான் காரணம் என்று முடிவு கட்டினோம். பளபளப்பில் கண் கூசியிருக்கும். பிறந்தநாளன்று மதியத்துக்கு இன்னோர் ஓட்டலில், வெளிச்சம் குறைவான மூலை மேஜையைக் கேட்டு வாங்கினேன். "ரொமான்டிக்கா கேக்கறீங்களா மேடம்?" என்றார் தொலைபேசியில் பேசியவர். "ஆமாம், நாலு பேர்" என்றேன்.

இடையில் ஒரு நாள் முக்கொம்புக்குப் போனோம். காவிரியில் தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. மர நிழலில் ஜமக்காளம் விரித்து எல்லோருக்கும் தட்டு வைத்து, அக்கா கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைப் பரிமாறினேன். பெரியவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். கண்களைப் பொத்திக்கொண்டாள்.

அங்கே எந்தச் சரவிளக்கும் இல்லை.

"வெயில்" என்றார் என் கணவர், நம்பிக்கை இல்லாத குரலில். வாசலில் விற்ற ஒரு தொப்பியை வாங்கி அவள் தலையில் வைத்தோம். தொப்பிக்கு அடியிலும் கண்ணைப் பொத்தியபடியே இருந்தாள். கடைசியில் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, தட்டும் இல்லாமல் பந்தியும் இல்லாமல், இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. கண்ணில் ஏதாவது கோளாறா? புத்தூரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு தங்கமா இருக்குங்க. வீட்ல சாப்பிடறாளா?" என்றார்.

வீட்டில் பிரமாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தினமும் மதியம் அக்காவோடும் அத்திம்பேரோடும் முதல் பந்தியில் உட்கார்ந்து, பருப்பு சாதம், சாத்துமுது சாதம், தயிர் சாதம் என்று வரிசையாக. அந்த நேரத்தில் நான் பின்னறையில் சின்னவனைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பேன். என் கணவர் விடுமுறையிலும் விடாத ஆபீஸ் போனோடு மொட்டை மாடியில் இருப்பார். நாங்கள் இரண்டாம் பந்தி. இரவில் அவளை இடுப்பில் வைத்து, நிலாவைக் காட்டி ஊட்டிவிடுவேன். பூஜை அறையில் அத்திம்பேர் மணி அடிக்கும்போது சின்னவன் தூக்கத்தில் காலை உதறுவான். அவனைத் தட்டிக்கொண்டே, இந்த மணியைக் கொஞ்சம் மெதுவாக அடித்தால் என்ன என்று தினமும் நினைப்பேன்.

பிறந்தநாள் வந்தது. மதியம் ஓட்டலுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் அக்கா அத்திம்பேரை விரட்டிப் பெருமாளுக்குத் திருவாராதனத்தைச் சீக்கிரமே முடிக்கச் சொன்னாள். எனக்காக அக்காரவடிசல் செய்திருந்தாள். "நட்சத்திரமும் அதுவுமா ஒரு நாளாவது பெருமாள் முன்னாடி வந்து உக்காரு" என்று அதட்டினாள். சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் முறையாகப் பூஜை நேரத்தில் அந்த அறையில் உட்கார்ந்தேன். பெரியவள் அத்திம்பேருக்குப் பக்கத்தில், அவளுக்கென்றே போட்ட சின்ன மணையில் இருந்தாள்.

அக்கா தளிகைப் பாத்திரங்களைக் கொண்டு வந்து பெருமாள் முன் வைத்தாள். அத்திம்பேர் திரையை இழுத்தார். பெருமாள் அமுது செய்யும்போது நாம் பார்க்கக் கூடாது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அத்திம்பேர் மூடிக்கொண்டார். பெரியவளுக்கு வெறுமனே மூடத் தெரியாது, இமை ஓரம் திறந்துகொண்டுவிடும். அதனால் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

மணி ஒலித்தது. கைகள் பட்டென்று விலகின. "கோவிந்தா!" என்று ஒரு கூச்சல். அடுத்து, பறவைக் குஞ்சு போல வாய் திறந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பு குலுங்கியது. மடியிலிருந்த சின்னவனும் சேர்ந்து குலுங்கினான். எவ்வளவு பெரிய சரவிளக்கு, எத்தனை அலசல், ஒரு தொப்பி, ஒரு மருத்துவர்! இந்தக் குழந்தை வந்த இரண்டாவது நாளே வீட்டு வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து, தட்டில் சாப்பாடு விழுந்தால், முதலில் பெருமாள் சாப்பிட வேண்டும். கையை நாம் பிடித்து இழுத்தால் அலறாமல் என்ன செய்யும்? அக்காவிடம் கேட்டேன். "ஆமாம், தினம் அப்படித்தானே பண்றா? இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

காரில் போகும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பெருமாள் மணிய கேட்டா உங்க அத்திம்பேர் குடுப்பாரா?" என்றார்.

"அதக் கேட்டா நம்ம ரெண்டு பேரையும் கொள்ளிடத்துல இறக்கி விட்டுடுவார்."

"அப்ப?"

"பார்க்கலாம்" என்றேன். எனக்கு வேறொரு கவலை. காலையில்தான் ஒரு முறை மணி அடித்தாயிற்று. அதுவே போதும் என்று நினைப்பாளா, ஒவ்வொரு தடவையும் கேட்பாளா? எந்தப் புத்தகத்தைக் கேட்பது?

மூலை மேஜை உண்மையாகவே இருட்டாக இருந்தது. பக்கத்தில் ஒரு நீள மேஜையில் ஏழெட்டுப் பெண்மணிகள், பட்டுப் புடவையும் மூக்குத்தியுமாக, ஏதோ விருந்துக்குக் கூடியிருந்தார்கள். சின்னவனின் உயர நாற்காலியைத் துணி எட்டாத தூரத்தில் போடச் சொல்லி, அவன் கையில் ஒரு மர ஸ்பூனைக் கொடுத்தோம். சூப் வந்தது. காளான் சூப், மேலே ஆவி பறந்தது. பெரியவளுக்கு வெண்ணெய் போட்ட பாஸ்தா. கைகள் எழுந்தன. கண்கள் மூடின.

இன்னும் யாரும் தொடாத ஒரு ஸ்பூனை எடுத்தேன். தண்ணீர் டம்ளரின் விளிம்பில் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கைகள் அப்படியே இருந்தன. சூப்பின் ஆவி மெலிந்துகொண்டே வந்தது. அத்திம்பேர் எப்படி அடிப்பார் என்று நினைவுபடுத்திக்கொண்டேன். தூங்குகிற குழந்தை காலை உதறும்படி அடிப்பார். டம்ளரைத் தூக்கிப் பிடித்தேன். நிறுத்தாமல், கணகணவென்று அடித்தேன்.

அந்த ஹாலில் பேச்சு நின்றது. பணியாளர்கள் இருவர் நாங்கள்தான் கூப்பிடுகிறோம் என்று திரும்பினார்கள். என் கணவர் மெனு அட்டைக்குப் பின்னால் போனார்.

கைகள் விலகின.

"கோவிந்தா!"

அடுத்த கணம் பக்கத்து நீள மேஜையிலிருந்து, யோசிக்காமல், பழக்கத்தில், அத்தனை பேரும் ஒரே குரலில், "கோவிந்தா!"

அப்புறம்தான் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவர் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். "யாருடி அது, நம்மள ஓட்டல்ல வெச்சு கோவிந்தா போட வெச்சது?" என்று ஒரு குரல். "அதோ, பாஸ்தா சாப்பிடறாளே, அந்த மாமி!" என்று இன்னொன்று.

மாமி பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து, மென்று, மறுபடி திறந்து, ஒரு ராணியின் நிதானத்தோடு. சின்னவன் மர ஸ்பூனால் நாற்காலிப் பலகையில் தன் பங்குக்கு மணி அடித்தான். நான் என் சூப்பை எடுத்து வாயில் வைத்தேன். நாக்கைச் சுட்டது. அவ்வளவு நல்ல சூட்டை நான் எத்தனையோ காலமாக அனுபவித்ததில்லை.

அடுத்து, மேலே பாலாடைக்கட்டி கொதித்துக் குமிழியிடும் லசான்யா. அதையும் சூடாகச் சாப்பிட்டேன். இனிப்பு வந்தபோது பெரியவள் மறுபடி கைகளைத் தூக்கினாள். நான் டம்ளரை எடுப்பதற்குள் நீள மேஜையிலிருந்து ஒரு பெண்மணி தன் ஸ்பூனால் தன் டம்ளரைத் தட்டினார். இந்த முறை என் கணவரும் சேர்ந்து கோவிந்தா போட்டார். கடைசியில் பணியாளர் வந்து கேட்டார்: "இன்னொரு தடவ மணி அடிக்கணுங்களா, இல்ல பில் கொண்டு வரட்டுங்களா?"

கடைசி ஸ்பூன் வரை நான் எழுந்திருக்கவில்லை. மேஜைத் துணியில் ஒரே ஒரு கறை. அதுவும் நான் சிரித்தபோது சிந்தியது.

வீட்டு வாசலில் அத்திம்பேர் கதவைத் திறந்தார். பார்வை பைக்குப் போனது. பை இல்லை. என் கணவரின் கைகளைப் பார்த்தார். ஒரு கையில் தூங்குகிற சின்னவன், இன்னொரு கையில் காலியான பால் புட்டி.

"பார்சல் எங்க?"

"மிச்சமே இல்ல அத்திம்பேர். உக்காந்த எடத்த விட்டு எழுந்துக்கல. எல்லாம் சூடா."

நடந்ததை முழுதும் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்திம்பேர் மட்டும் சிரிக்கவில்லை. கணக்கில் எங்கேயாவது பிசகு இருக்கிறதா என்று தேடுகிறவர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"எச்சல் படாத ஸ்பூன்தானே?"

"படாத ஸ்பூன்தான் அத்திம்பேர். முதல்லயே எடுத்து வெச்சுட்டேன்."

"அப்ப சரி" என்று பெரியவளைத் தூக்கிக்கொண்டார். "அடுத்த தடவ நீங்க போறச்ச சொல்லுங்கோ. பழைய சின்ன மணி ஒண்ணு பரண் மேல கெடக்கு. டம்ளர ஒடச்சு வெக்காதீங்கோ."