ஒரு காது போதும் என்று கேட்டேன்

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. கை தட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. நான்கு நாள் காய்ச்சல் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எனக்கு எழுபத்தொரு வயது. பிரதோஷந்தோறும் இங்கே கூடும் உங்களோடு ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இன்று அனுபவம் சொல்ல அழைத்து, வயதைப் பார்த்து நாற்காலியும் போட்டீர்கள். வேண்டாம் என்றேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் இருக்கிறது.

என் தொழில் அட்டை அடிப்பது. சேலையில் புட்டா விழுவதற்காகத் தறிக்கு மேலே ஏற்றும் அட்டைகளில் துளை போடும் வேலை. ஒரு துளை தவறினால் போதும், அதே தவறு எல்லாப் புட்டாவிலும் விழும். எண்ணி எண்ணியே வாழ்ந்தவன் நான். பாட்டு கேட்டாலும் எண்ணுவேன். ஒரு சினிமா இசையமைப்பாளர் மேல் எனக்குப் பைத்தியம். அவர் பெயரை இங்கே சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அவர் பக்கம் போய்விடும். எந்தப் பாட்டில் எத்தனை வயலின், எந்த இடத்தில் தபலா நிற்கிறது என்று ஆறு நோட்டு எழுதி வைத்திருக்கிறேன். என்னைப் போல இன்னும் பத்துப் பேர். ஞாயிறு மாலையில் பால் பூத் சேகர் வீட்டு மாடியில் கூடிப் பேசுவோம்.

அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர் கச்சேரியை நேரில் பார்த்தவன் எழுந்து நின்று, மாடியிலிருந்து தெரியும் ஏகாம்பரநாதர் கோபுரத்தைப் பார்த்து, ‘நான் இருந்தேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேள்விப்பட்டதைச் சொல்கிறவன் உட்கார்ந்தபடியே சொல்லலாம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். புளுகு நுழையக் கூடாதாம்!

நான் பதினேழு தடவை நின்றிருக்கிறேன். ஒரே கச்சேரியைப் பற்றி. சென்னையில் நடந்தது. பாதியில் மின்சாரம் போனது, கூட்டம் கலையப் பார்த்தது, இசையமைப்பாளர் இருட்டிலேயே புல்லாங்குழல்காரரைத் தனியாக வாசிக்கச் சொன்னார், விளக்கு வரும்வரை ஒருவரும் அசையவில்லை. இதைச் சொல்லும்போது பத்துப் பேரும் மூச்சை அடக்கிக் கேட்பார்கள்.

அடியார்களே, நான் அங்கே இருக்கவில்லை.

என் நண்பன் கன்னியப்பனும் நானும் சேர்ந்துதான் டிக்கெட் வாங்கினோம். அன்று பார்த்து ஒரு கல்யாணச் சேலைக்கு நான் அடித்த அட்டையில் தவறு. உட்கார்ந்து திரும்ப அடித்தேன். அவன் மட்டும் போனான். மறுநாள் அவனை உட்கார வைத்து ஐம்பத்திரண்டு கேள்வி கேட்டேன். பிறகு அவன் வேலைக்காகப் பெங்களூர் போனான். முப்பது வருடத்தில் அந்தக் கச்சேரி என்னுடையதாகிவிட்டது.

போன ஆனியில் அவன் திரும்பி வந்தான். பக்கத்தில் முசரவாக்கத்தில் மகன் வீட்டில் இருந்தான். ஒரு ஞாயிறு எங்கள் மாடிக்கு வந்தான். வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றான். ‘நான் இருந்தேன்’ என்றான். விளக்கு அணைந்த கதையை ஆரம்பித்தான்.

“இன்னாபா, எங்க அண்ணன் கதைய அவுரு எதிர்லயே சொல்லிக்கினு இருக்கற?” என்றான் சேகர். எல்லாரும் சிரித்தார்கள்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன், உண்மையைச் சொல்ல அல்ல. “வயலின் எத்தனை? குழல்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்? என்ன சட்டை?” என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. நான் மூன்றையும் சொன்னேன். அவன் எனக்குச் சொன்னவைதான்.

“சரிதான்பா. நீதான் இருந்திருப்ப. எனக்கு மறந்துபூட்டுது” என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனான்.

அதற்குப் பதினாறு நாள் கழித்து எனக்குக் காது போனது.

மருத்துவர் மாத்திரை எழுதினார். வரலாம், வராமலும் போகலாம் என்று தாளில் எழுதிக் காட்டினார். நான் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனேன். உள்ளே மாமரத்தை நாளைக்குப் பன்னிரண்டு சுற்று, நாற்பத்தெட்டு நாள். மொத்தம் ஐந்நூற்று எழுபத்தாறு. இரண்டு காதும் வேண்டும் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசி நாள் சன்னதியில் நின்று சண்டையே போட்டேன். ‘என் எண்ணிக்கை சரி, உன் பக்கம்தான் பாக்கி’ என்றேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இரு கண்ணும் இழந்து வந்த அடியாருக்கு இந்தச் சாமி ஒரு கண் கொடுத்த வரலாறு நினைவுக்கு வந்தது. நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அதில் பிடித்தது கண் கிடைத்த பகுதி. கண் ஏன் போனது என்ற பகுதியை எப்போதும் தாண்டிவிடுவேன். சத்தியம் செய்து மீறியதால் போனது. நான் பதினேழு தடவை கோபுரத்தைப் பார்த்து நின்றவன்.

‘ஒரு காது போதும். நாளைக்குக் கன்னியப்பனிடம் போகிறேன்’ என்றேன்.

போனேன். அவன் முற்றத்தில் கட்டிலில் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். காது கேட்காதவனுக்குத் தன் குரல் தெரியாது. நான் கத்தியிருக்கிறேன். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றபிறகுதான் எனக்குப் புரிந்தது. கன்னியப்பன் பதில் சொன்னான். வெகுநேரம் சொன்னான். தொடையில் தட்டிச் சொன்னான், ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அவன் மருமகள் எழுதிக் காட்டத் தாள் எடுத்தாள். கையை வீசி அவளைத் தடுத்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் காலை இடது காதில் ஒரு குரல் விழுந்தது. என் மனைவி தங்கம்.

“ரெண்டு மாசமா இந்தச் செவிட்டு மனுசனாண்ட கத்திக் கத்தி என் தொண்ட போச்சு. எண்ணிக்கினே கெட, எண்ணிக்கினே போய்ச் சேரு!”

“இன்னொரு தடவை சொல்லு” என்றேன். அவள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. அதுவும் கேட்டது. அழுதேன்.

மாத்திரை வேலை செய்தது என்றார் மருத்துவர். வலது காதும் அதே மாத்திரையைத்தானே சாப்பிட்டது? அது இன்றுவரை செத்தேதான் கிடக்கிறது.

கஷ்டமே தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாட்டில் வலது பக்கம் வரும் வயலின்கள் எனக்கு இல்லை. ஆறு நோட்டையும் இனிச் சரிபார்க்க முடியாது. காது வந்த வாரம் ஞாயிறு மாடியில் உட்கார்ந்தபடியே உண்மையைச் சொன்னேன். “பதினேழு தபா எங்கள இன்னான்னு நெனச்சுக்கினு நின்ன?” என்றான் சேகர். ‘அண்ணே’ போய்விட்டது. இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. இப்போது வயலின் இருபத்திரண்டு என்றால், “யாரு எண்ணுனது?” என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

கன்னியப்பன் அந்த மாடிக்கு வர மறுத்துவிட்டான். வியாழக்கிழமைதோறும் நான்தான் போகிறேன், இடது காதை அவன் பக்கம் வைத்து உட்காருகிறேன். கச்சேரியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

“கொழலு ஒரு தபாதான் வாசிச்சாரு. ரெண்டு தபான்னு நீயா சேத்துக்கின” என்றான்.

அன்று முற்றத்தில் என்ன பதில் சொன்னாய் என்று பதினொரு தடவை கேட்டுவிட்டேன்.

“ஒரு வாட்டிதான் சொல்லுவேன். சொல்லிட்டேன். உன் காது கேக்கலன்னா அது என் குத்தமா?”

மன்னித்தானா, திட்டினானா, தெரியாது. அது நான் செத்தாலும் தெரியாது. சாமி கணக்காகத்தான் கொடுத்தார். கேட்டது ஒரு காது, வந்ததும் ஒரு காது. நான் பாதிக்குத் தகுதியானவன்கூட இல்லை. ஆனாலும் சொம்பு விழும் சத்தம் இன்று எனக்குக் கேட்கிறது. அதற்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

உங்களில் யாராவது சுற்று எண்ணிக்கொண்டிருந்தால், எண்ணுவதை நிறுத்திவிட்டு, போக வேண்டிய வீட்டுக்கு முதலில் போங்கள். காது இருக்கும்போதே போங்கள். பிறகு அவரிடம் கேளுங்கள். கொடுப்பார்.

நாற்காலியை எடுத்துக்கொள்ளலாம். இது கேள்விப்பட்டது இல்லை. அந்தச் சன்னதியில், அந்த முற்றத்தில், அந்தச் சொம்பு விழுந்த இடத்தில், நான் இருந்தேன்.