தும்பிக்கை வைத்த எழுத்து

ஒரகடம் கூட்டுரோட்டில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த சாலமோன், தன் ஒரே மகள் எஸ்தரை எட்டு வயதுவரை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "நம்ம வூட்ல இல்லாத படிப்பா அங்க கீது?" என்று ஒரே பதிலைச் சொல்லிவந்தார். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று ஊருக்கே தெரியும். எஸ்தர் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் அதே ஊர் மிஷன் பள்ளியில் பியூனாக இருந்தார். அலுவலகச் சுவர்க்கடிகாரம் ஒரு நாள் காணாமல் போயிற்று. பழி அவர்மேல் விழுந்து வேலை போனது. நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவரே அதைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு மறந்துபோனது பின்னால் தெரியவந்தது. கடிகாரம் பழைய ஆணிக்குத் திரும்பியது. சாலமோனைத் திரும்ப அழைப்பார் இல்லை. நீக்க உத்தரவையும், தான் அனுப்பிய மனுக்களையும், தபால் ரசீதுகளையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஐந்தாவதோடு நின்றவர், அந்த மனுக்களை எழுதி எழுதித்தான் தமிழை முழுதாகக் கற்றார்.

மகளுக்கு அவர் நடத்திய படிப்பு, நேர்மையாகச் சொன்னால், நல்ல படிப்பு. சக்கரத்தின் நடுவிலிருந்து கழற்றிய பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவியபடியே அவள் கூட்டலும் கழித்தலும் கற்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எஸ்தர் முன்கம்பியில், மனைவி அன்னபுஷ்பம் பின்கேரியரில் என்று மூவரும் ஒரே சைக்கிளில் கிளம்புவார்கள். செம்பரம்பாக்கம் ஏரி மதகில் வரைந்திருந்த அளவுக்கோட்டில் எண்களை வாசித்தாள். சந்தையில் தராசு முள் எந்தப் பக்கம் சாய்ந்தால் யாருக்கு லாபம் என்று புரிந்துகொண்டாள். பேருந்துப் பலகைகளும் கடைப் பலகைகளும் அவளுடைய பாடப்புத்தகம்.

ஒருமுறை காஞ்சிபுரம் போயிருந்தபோது கோவில் வாசலில் யானை நின்றது. அங்கேயே மணலில் உட்கார்ந்து சாலமோன் விரலால் 'யானை' என்று எழுதினார். "கடைசி எழுத்தப் பாரு. அதுக்கும் தும்பிக்கை கீது" என்றார். முன்பக்கம் வளைந்து தொங்கிய அந்தப் பழைய எழுத்தை எஸ்தர் தன் விரலால் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தாள். அன்றிலிருந்து மலையில் ஒரு யானை, பானையில் ஒரு யானை. தலையணையில் இரண்டு யானைகள் இருப்பதைத் தானே கண்டுபிடித்து, அதன்மேல் படுக்கப் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் புகார் செய்தாள்.

அந்த எழுத்துகளைத் தும்பிக்கை இல்லாமல் எழுதும்படி மாற்றி அரசு உத்தரவு போட்ட செய்தி நாளிதழில் வந்தது. சாலமோன் படித்தார், வெட்டினார், பெட்டியில் தேதிப்படி வைத்தார். மகளிடம் சொல்லவில்லை. குழந்தையின் யானைக்குத் தும்பிக்கையை அறுக்க மனம் வரவில்லை என்பது அவர் தமக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்ததொன்று தம் பாடத்தில் இல்லை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை என்பது சொல்லிக்கொள்ளாத காரணம். சில மாதங்களில் பேருந்துப் பலகை ஒன்றில் 'சென்னை' புதிய எழுத்தில் வந்தது.

"நைனா, தும்பிக்கை இல்ல."

"பெயிண்டருக்கு எழுதத் தெரியல, கண்ணு."

அவ்வளவு எளிதாக அந்தப் பொய் வந்தது.

ஆலயத்து ஓய்வுநாள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமி எஸ்தரிடம், எந்த கிளாஸ் படிக்கிறாய் என்று கேட்டாள். "சைக்கிள் கடை" என்றாள் எஸ்தர். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று வீடு திரும்பிய அன்னபுஷ்பம் கணவரிடம், "உங்க கோவத்த நீங்களே வச்சிக்கினு இருங்க. கொழந்தைய அதுல ஒக்கார வைக்காதீங்க" என்றாள். அடுத்த கல்வியாண்டு தொடங்கியபோது மிஷன் பள்ளிக்கே போகவேண்டியதாயிற்று. நடந்துபோகும் தூரத்தில் வேறு பள்ளி இல்லை.

அங்கே தலைமையாசிரியையாக இருந்த கனகம் டீச்சர், சாலமோன் காலத்துக்குப் பிறகு வந்தவர். மரியாதையாக உட்காரச் சொன்னார். சாலமோன் உட்கார்ந்த இடத்துக்கு நேரெதிரே அந்தச் சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் கணக்கைக் கேட்ட வேகத்தில் சொன்னாள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தடங்கலின்றி வாசித்துக்கொண்டே வந்தவள், தும்பிக்கை இல்லாத 'னை' வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"டீச்சர், பொஸ்தகத்துல தப்பு கீது."

டீச்சர் சிரித்து, இப்போது இப்படித்தான் எழுதவேண்டும் என்று விளக்கினார். எஸ்தர் ஏற்கவில்லை. பஸ் பெயிண்டரைப் போலவே இதை அச்சடித்தவருக்கும் தெரியவில்லை, எங்கள் நைனாவுக்குத் தெரியும் என்றாள். எழுதச் சொன்ன வார்த்தைகளிலெல்லாம் அழுத்தமாகத் தும்பிக்கை வைத்தாள். டீச்சர் சாலமோன் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. புத்தகம் சரின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, மூணாவதுலயே சேத்துக்கறேன்."

எஸ்தர் அவரைப் பார்த்தாள். கடிகாரத்தின் ஓசை அவருக்குக் கேட்டது. இந்த அறையில், இதே கடிகாரத்தின் முன்னால், ஒரு தவறைத் தம்முடையது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"எனக்குத் தெரியாது, டீச்சர்" என்றார்.

எஸ்தர் அவருடைய சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தன் பக்கம் நின்றுவிட்டதாக அவள் நினைத்திருக்கவேண்டும்.

இந்தப் பிடிவாதத்தோடு மூன்றாவதில் இவள் அடிதான் வாங்குவாள், எழுத்துப் பழகும்வரை ஒன்றாவதில் இருக்கட்டும் என்று டீச்சர் முடிவுசெய்தார். மூன்றாவதில் சேர்க்க டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சாலமோன் வீட்டில் சொன்னார். இடுப்பளவு பிள்ளைகளின் வரிசையில் கடைசியாக எஸ்தர் உட்கார்ந்தாள். மாலையில் சிலேட்டுப் பலகையைக் காட்டுவாள். அந்த எழுத்துகளிலெல்லாம் தும்பிக்கை இருக்கும். அதைப் பார்த்து அவருக்குள் ஒரு திருப்தி எழும். அதற்காகத் தம்மை வெறுத்தபடியே, "நல்லா கீது" என்பார்.

அரையாண்டு விடுமுறை முடிந்த வாரம் ஒரு நாள் அவள் சோற்று டப்பாவை மறந்துபோனாள். கொண்டுபோன சாலமோன் ஜன்னல் வழியே பார்த்தார். அவள் மடியில் பலகை. மலை, பானை, தலையணை. ஒன்றிலும் தும்பிக்கை இல்லை. தெளிவான, பழகிய கையெழுத்து. டப்பாவை ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்று மாலை கடைக்குச் சற்று முன்னால் இருந்த சிறுபாலத்தின் கட்டையில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். எச்சில் தொட்டுப் பலகையை அழித்து, குச்சியால் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா கண்ணு பண்ற?"

"தும்பிக்கை வைக்கிறேன்."

"ஸ்கூல்ல வைக்கலியா?"

"அங்க வச்சா தப்புன்றாங்க. இங்க வைக்கலன்னா நீ வருத்தப்படுவியே நைனா."

சாலமோன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பெயிண்டர் சரியாத்தான் எழுதினான், எஸ்தரு. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "அப்போ டீச்சர் கேட்டப்ப ஏன் சொல்லல?" என்றாள்.



மறுநாள் காலை சாலமோன் பள்ளியில் கடிகாரம் இருந்த அந்த அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் கோபப்படவில்லை. அரை ஆண்டு போய்விட்டது, மூன்றாவது பாடத்தை இனி பிடிக்க முடியாது, இரண்டாவதில் உட்காரவைக்கிறேன் என்றார். "அன்னைக்கே ஒரு வார்த்தை..." என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை.

அன்னபுஷ்பத்திடமும் சொன்னார். அவள் சோற்றைப் போட்டுவிட்டுத்தான் பேசினாள். "கடியாரத்தயாவது அவங்க திருப்பிக் கொண்டாந்து மாட்டினாங்க. நீங்க இந்த வருசத்த எங்கேந்து கொண்டாருவீங்க?" அதற்குமேல் அவள் அதைப்பற்றி என்றைக்கும் பேசவில்லை. பேசியிருக்கலாமே என்று அவருக்குப் பல நாள் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை ஏணி வைத்து ஏறி, 'சாலமோன் சைக்கிள் நிலையம்' என்ற கடைப் பலகையில் 'லை'யை மாற்றி எழுதினார். எதிர் டீக்கடை நாகப்பன், "இன்னா வாத்தியாரே, ஆனைக்கு ஆபரேஷனா?" என்றான். சாலமோன் சிரிக்கவில்லை. கீழே பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த எஸ்தர், எழுத்து கோணலாக வருகிறது என்று திருத்திக்கொண்டே இருந்தாள். அவர் அவள் சொன்னபடி எழுதினார். பெயிண்ட் ஒரு பூச்சுதான் இருந்தது. காய்ந்ததும் பழைய தும்பிக்கை அடியில் மங்கலாகத் தெரிந்தது.

"இன்னொரு தடவ அடிக்கணும் நைனா" என்றாள் எஸ்தர்.

"அடிக்கலாம்" என்றார் அவர். அடிக்கவில்லை. கடை திறக்கும் ஒவ்வொரு காலையும் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் தொட்டார்.