மறுபடியும் ஆயில் சீல்

ஆயுத பூஜை லீவு முடிஞ்சு முதல் தடவையா மேல போன எங்க குட்டி விமானம், ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள இறங்கி வந்துச்சு. முன்கண்ணாடி பூரா எண்ணெய். ஓட்டினவர் பக்கத்து ஜன்னல் வழியா பார்த்துத்தான் இறக்கியிருக்கார். பெங்களூர்ல ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில அப்ப நான் மெக்கானிக். கவரைக் கழட்டினா, ப்ரொப்பல்லருக்குப் பின்னால கிராங்க் ஷாஃப்டைச் சுத்தி எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையம், அந்த ஆயில் சீல், பிதுங்கி வெளியே வந்து கிடக்கு. அதை மாத்தி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. அட ஆண்டவா, மறுபடியுமான்னு அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

போன தடவை மாத்தினது என் கூட்டாளி. ஒக்கலிபுரத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றவன், என் வயசுதான், காண்ட்ராக்ட் ஆள். வருஷக்கணக்கா இழுத்தடிச்சு, அந்த மாசம்தான் நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல அவன் பேரைச் சேர்த்திருந்தாங்க.

சீஃப் இன்ஜினியர் வந்து குனிஞ்சு பார்த்துட்டு, பக்கத்துல நின்ன அவன்கிட்டக் கேட்டார்.

"சீலை ஒட்டற பிசின் காயறதுக்குள்ள ப்ரொப்பல்லரை மாட்டி அனுப்பிட்டியா?"

"நல்லா காயவிட்டுத்தான் சார் மாட்டினேன்."

"அப்ப தானா எந்திரிச்சு வந்துச்சா?"

சீல் உக்கார்ற இடத்தைத் துடைக்க பெட்ரோல் எடுத்துட்டு வரேன்னு அவன் போயிட்டான். முதுகு வலியோட நான் இன்ஜினுக்கு அடியில படுத்தேன். இன்ஜின் மூச்சு விடறதுக்குன்னு கீழே ஒரு குழாய் தொங்கும். அதோட வாயில சைக்கிள் ட்யூப் துண்டு ஒண்ணு, மடிச்சு, கம்பியால இறுக்கிக் கட்டியிருந்துச்சு. கட்டினது நான்தான். பூஜைக்கு விமானத்தோட மூக்குக்குக் கீழே பெரிசா ரங்கோலி போட்டிருந்தாங்க. அது மேல எண்ணெய் சொட்டிடக்கூடாதேன்னு அடைச்சேன், அவிழ்க்க மறந்தே போயிட்டேன். மூச்சு விட வழியில்லாம இன்ஜின் உள்ளுக்குள்ளேயே முட்டி, சீலைத் தள்ளிவிட்டிருக்கு.

ட்யூபை அவிழ்த்து பேன்ட் பாக்கெட்ல திணிச்சேன். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும், என் கையெழுத்துக்கு மரியாதை இருக்காது. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன்.

ப்ரொப்பல்லரை இறக்கினோம். எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாம துடைச்சோம். புது சீலை ஷாஃப்ட் முனைத் தட்டு மேல இழுத்து மாட்டணும். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், விரலெல்லாம் மரத்துப் போற மாதிரி இழுத்தோம். சனியன், லேசுல நுழையல. பிசின் தடவி மறுநாள் வரைக்கும் காயவிட்டோம். சாயங்காலம் வந்துச்சு, போச்சு. நான் சொல்லல.

மறுநாள் இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு கசியல. சீஃப் விரலால தடவிப் பார்த்துட்டு, "பார்த்தியா, இவர் கை வெச்சா நிக்குது"ன்னு அவன்கிட்டச் சொன்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே லிஸ்ட்லேர்ந்து அவன் பேரை அடிச்சுட்டாங்க.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில கேட்டான். "நான் எங்கடா தப்பு பண்ணேன்? நீ கூடவேதானே இருந்தே, சொல்லேன்."

ட்யூப் துண்டை அப்பவே தூக்கிப் போட்டிருந்தேன். "பிசின்ல கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும்டா"ன்னேன்.

"இருக்கும்டா, அன்னைக்கு மழை வேற"ன்னான். அப்புறம் எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.