செவலை ஜோடியின் முட்டைகளும் பாத்துமாக்காவின் புறாக்களும்

மாடிக் கதவைத் திறந்ததும் கம்பும் சோளமும் காய்ந்த எச்சமும் கலந்த ஒரு சூடான வாசனை முகத்தில் அடிக்கும். கல்யாணமாகித் திருத்தங்கலுக்கு வந்த புதிதில் அதற்கே எனக்குத் தலை வலிக்கும்...

என் வீட்டுக்காரர் சேவியர் அச்சாபீஸில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறார். நான் சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருக்குக் கர்ணப் புறா என்றால் உயிர். உயரத்தில் பறந்துகொண்டே பின்பக்கமாகச் சுருண்டு கர்ணம் அடித்து இறங்கி, சட்டென்று நிமிர்ந்து மறுபடி மேலே ஏறுமே, அந்த ஜாதி.

அப்போது மாடியில் இரண்டு ஜோடிதான்.

வெள்ளை ஜோடியில் ஆண் அடிக்கும் கர்ணத்தைப் பார்க்கத் தெருவில் போகிறவர்கள் பைக்கை நிறுத்துவார்கள். ஆனால் அதன் குஞ்சுகளுக்குக் கர்ணம் அடிக்கத் தெரிந்ததே தவிர, நிறுத்தத் தெரியவில்லை. சுருண்டபடியே வந்து ஒன்று எங்கள் தண்ணீர்த் தொட்டியில் மோதி, என் கையிலேயே உயிரை விட்டது.

செவலை ஜோடி பார்க்கச் சாதாரணம். துபாய்க்குப் போன நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. பறப்பது அளவாக, அழகாக இருக்கும். முட்டையும் இடும். ஆனால் கொஞ்ச தூரத்தில்தான் பட்டாசுக் கம்பெனிகள் வெடி டெஸ்ட் பண்ணும் பொட்டல். தீபாவளி சீசன் நேரத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், இரண்டும் எழுந்து ஓடிவிடும். முட்டை சில்லிட்டுப் போகும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சேவியர் சொன்னார்.

"செவலைய ஆமத்தூர்ல ஒருத்தர் கேக்காரு. குடுத்துரலாம்னு பாக்கேன்."

"ஏங்க?"

"இம்புட்டு நாள்ல ஒரு குஞ்சு கூட வரல. பிள்ள தங்காத ஜோடிய வச்சு என்ன செய்ய?"

அந்த வருஷ ஆடியில்தான் எனக்கு ஒரு கரு தங்காமல் போயிருந்தது...

அவர் என்னைச் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கும் உறைத்தது.

"நான் புறாவத்தான் சொன்னேன் ஸ்டெல்லா."

"தெரியும். நானும் புறாவத்தான் கேக்கேன். அதுக பிள்ள எப்படிப் பறக்கும்னு ஒரு தடவ கூட பாக்கல. அதுக்குள்ள ஆகாத ஜோடின்னு எப்படிங்க சொல்லுதீக?"

கை கழுவும்போது, "சரி, இன்னொரு தடவ பாப்போம்" என்றார்.

பக்கத்து வீட்டு பாத்துமாக்கா. அவர்களுக்குப் பஜாரில் பாத்திரக்கடை. மாடியில் சும்மா ஆசைக்கு வளர்க்கும் சாதாப் புறாக்கள். அந்த வெடிச்சத்தத்திலேயே பிறந்தவை... ஒரு லோடு வெடித்தாலும் கழுத்தைத் திருப்பாது.

செவலை அடுத்து முட்டையிட்ட சமயம் நல்ல மழை. பொட்டலில் டெஸ்டிங் இல்லை. ஜோடி நிம்மதியாக அடைகாத்தது. மழை விட்டு முதல் சத்தம் கேட்டதுமே நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, ஒங்க ஜோடி எதாச்சும் அடையில இருக்கா?"

"சாம்பல் ஜோடி உக்காந்திருக்கே. எதுக்குமா?"

எங்கள் முட்டைகளை அதுகளுக்கு அடியில் வைக்கலாமா என்று கேட்டேன். அந்த ஜோடியும் எங்கள் செவலையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் முட்டையிட்டிருந்தன. அது முக்கியம். அடைகாத்து முடியும் சமயத்தில்தான் தாய்க்கும் தகப்பனுக்கும் தொண்டைப்பையில் பால் ஊறும். முதல் சில நாள் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. நாள் ஒத்துவராவிட்டால் பால் இருக்காது.

எங்கள் முட்டைகளையும் எடுத்து வந்து, போன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தோம். எங்கள் முட்டைகளில் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு, கரு பிடித்திருந்தது. அக்காவுடைய இரண்டிலும் ஒன்றுமில்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம்.

"கூமுட்டையிலயா உக்காந்திருக்குக, பாவம். கொண்டா, நல்லத வையி."

மாற்றி வைத்தோம். சாம்பல் பெட்டை முட்டைகளை அலகால் ஒருமுறை தொட்டுப் பார்த்தது. மெல்லத் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது.

இரண்டும் பொரிந்தன. டூட்டி முடிந்து வந்தால் எங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன் அக்கா மாடிக்குத்தான் போவேன். "வளக்குறது எங்க வீடு, பேரு ஒங்க வீட்டுக்கா?" என்று சிரிப்பார்.

பொங்கலெல்லாம் முடிந்து ஒரு காலையில் இரண்டையும் பறக்கவிட்டோம். ஒன்று சும்மா வட்டமடித்தது. மற்றது உயரப் போய் ஒரு கணம் தயங்கி, நூல்கண்டு மாதிரி இறுக்கமாகச் சுருண்டு இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏ புள்ள, கண்ணத் தொற. நின்னுருச்சு பாரு" என்றார் அக்கா.

பார்த்தேன். நிமிர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அன்று மாலை சேவியர் வெள்ளை ஜோடியைப் பிரித்து வைத்தார். பறக்க மட்டும்தான் இனி, குஞ்சு எடுக்க இல்லை என்றார். கூண்டைப் பூட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"பெக்குறது வேற, வளக்குறது வேற. நாந்தான் ரெண்டையும் ஒண்ணாப் பாத்துட்டேன்."

அப்புறம் செவலை இட்ட முட்டையெல்லாம் சாதா ஜோடிகளுக்கே போனது. செவலை இரண்டும் இப்போது இல்லை. அவற்றின் பேரன் பேத்திகள்தான் மாடி முழுக்க. அக்கா குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார். போகும்போது சாம்பல் ஜோடியின் வாரிசுகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். இடையில் எங்களுக்கு ஒரு மகளும் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

கோவில்பட்டியிலிருந்தும் மதுரையிலிருந்தும் புறா வளர்க்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் ஜோடி போட்டோ அனுப்பி, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்கிறார்கள். "மொதல்ல அதோட குஞ்சு பறக்குறதக் காட்டுங்க தம்பி" என்பேன்.

எனக்கு இப்போது டூட்டி அதிகம். புதுக்குஞ்சு பறந்தால் சேவியர் வீடியோ அனுப்புவார். வார்டு வராந்தாவில் நின்று பார்ப்பேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்குமே... அது இல்லை.

இந்த ஞாயிறு லீவு சொல்லிவிட்டேன். புதிதாக நாலு குஞ்சு முதல் தடவை பறக்கப் போகிறது. நான் வருகிற வரைக்கும் கூண்டைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.